தொழில் தொடங்க விரும்புவோருக்கான இணையச் சமூகம்: முதலில் யாரைச் சேர்ப்பது?

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் ஐயங்களைக் கேட்டுத் தெளியவும் இணையத்தில் ஒரு சமூகத் தளம் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கான செயலியை உருவாக்க ஒரு நிறுவனத்திடம் விலைப்புள்ளி வாங்கிவிட்டதாகவும், இனி எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். செயலிக்கான பணத்தை இப்போதைக்குச் செலவிடாதீர்கள் என்பதே என் முதல் பதில். உங்கள் தளம் நிலைப்பதும் நிலைக்காமல் போவதும், சென்ற ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ தொழில் தொடங்கி, இன்னும் நடத்திக்கொண்டிருக்கும் சிலரை நீங்கள் சேர்க்க முடிகிறதா, சேர்த்தவர்களைச் சலிப்படையாமல் வைத்திருக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. இந்தப் பதிலில் நான் சொல்லவிருக்கும் மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

தொழில் தொடங்க விரும்புவோர் மட்டுமே கூடும் இடத்தில் கேள்விகள் குவியும், பதில்கள் வராது. இணையச் சமூகங்களில் பங்கேற்பு எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கும் என்பதைப் பற்றி இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006ஆம் ஆண்டு எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நூற்றில் 90 பேர் படிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். எல்லா இடத்திலும் இந்த விகிதம் அப்படியே அமையும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் 500 பேர் சேர்ந்தால் தொடர்ந்து எழுதப் போகிறவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதே பாதுகாப்பானது. அந்த ஐந்து பேரும் இன்னும் தொழிலே தொடங்காதவர்களாக இருந்தால், செவிவழிச் செய்திகளும் ஊக்கமூட்டும் பொன்மொழிகளும்தான் மிஞ்சும். ஆசையோடு வந்த ஒரு கூட்டம் பதிலில்லாமல் காத்திருப்பதை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள், கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் முகவர்களும், ஒரே திட்ட அறிக்கையைப் பெயர் மாற்றி விற்பவர்களும், ஆள் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட சங்கிலி விற்பனைக்காரர்களும்தான். அவர்கள் ஒரு முறை காலூன்றிவிட்டால், விஷயம் தெரிந்தவர் எவரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

உலக அளவில் நன்றாக நடந்த தளங்களைப் பார்த்தாலும் இதே வரிசைதான் தெரிகிறது. தொழில்நுட்பத் தொழில்முனைவோர் செய்திகளைப் பகிர்ந்து பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தைப் பால் கிரகாம் 2007 பிப்ரவரியில் ஸ்டார்ட்அப் நியூஸ் என்ற பெயரில் தொடங்கியபோது, அவருடைய முதலீட்டு நிறுவனமான ஒய் காம்பினேட்டர் 2005 முதல் முதலீடு செய்துவந்த நிறுவனங்களின் நிறுவனர்கள் ஏற்கெனவே அவரைச் சுற்றி இருந்தார்கள். பேசத் தகுந்தவர்கள் முதலில் அமைந்தார்கள், பேசுமிடம் பிறகு வந்தது. அந்தத் தளத்தின் தோற்றம் இன்றுவரை ஏறக்குறைய வெறும் எழுத்துகளாகவே இருக்கிறது என்பதையும் செயலிக்குச் செலவிடும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2016இல் கோர்ட்லாண்ட் ஆலன் தொடங்கிய இண்டி ஹேக்கர்ஸ், சிறு மென்பொருள் தொழில்களை நடத்துவோரின் நேர்காணல்களோடுதான் முதலில் வெளிவந்தது. எவ்வளவு வருமானம், முதல் வாடிக்கையாளர் எப்படிக் கிடைத்தார் என்பதையெல்லாம் அவர்களே சொன்னதால் படிப்பவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். மறு ஆண்டே இணையவழிப் பணம் செலுத்தும் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் அதை வாங்கியது.

இதைவிடப் பெரிய பாடம் ஒரு தோல்வியில் இருக்கிறது. நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வெற்றி பெற்ற பிறகு, மாதக் கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் அதே மென்பொருளைக் கொண்டு தங்களுக்கென ஒரு கேள்வி பதில் தளம் திறக்கலாம் என்று அந்நிறுவனம் 2009இல் அறிவித்தது. மென்பொருள் மிகச் சிறந்தது. ஆனாலும் திறக்கப்பட்ட தளங்களில் பல ஆளில்லாமல் கிடந்தன. 2010இல் அத்திட்டத்தைக் கைவிட்டு வேறொரு முறைக்கு மாறினார்கள்: ஒரு தளம் வேண்டும் என்பவர்கள் முதலில் அதன் எல்லையை வரையறுக்க வேண்டும், பிறகு, நான் பங்கேற்பேன் என்று உறுதிமொழி தருபவர்களைத் திரட்ட வேண்டும், அவர்களில் ஒரு பகுதியினர் வேறு தளங்களில் ஏற்கெனவே பதில் எழுதிப் பழகியவர்களாக இருக்க வேண்டும், அதன் பிறகே தளம் அவர்களுக்கு மட்டும் திறக்கும், பொதுமக்களுக்குத் திறப்பது கடைசிக் கட்டம். நீங்களும் இதே வரிசையில் போகலாம் என்பது என் பரிந்துரை. பதில் சொல்பவர்களை முதலில் உறுதி செய்யுங்கள், கதவைப் பிறகு திறங்கள்.

எல்லை வரையறுப்பதில் தொடங்குவோம். தமிழ்நாட்டில் தொழில் தொடங்க விரும்பும் அனைவருக்கும் என்று வைத்தால், திருப்பூரில் பனியன் தைக்க நினைப்பவருக்கும், ஓசூரில் லேத் பட்டறை போட நினைப்பவருக்கும், வீட்டில் சத்துமாவு தயாரிக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பேச எதுவும் இருக்காது. ஊரை வைத்து எல்லை போடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஊரில் ஒரே தொழில் செய்யும் இருவர் தங்கள் கொள்முதல் விலையையும் பொருள் வாங்கும் இடத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லமாட்டார்கள். சேலத்தில் மரச்செக்கு வைத்திருப்பவர் நாகர்கோவிலில் செக்கு வைக்கப் போகிறவருக்கு மனம் விட்டுச் சொல்வார், ஏனெனில் அவர் இவருக்குப் போட்டி இல்லை. ஆகவே தொழிலால் குறுகியதாகவும் இடத்தால் விரிந்ததாகவும் எல்லையை வையுங்கள். இணையத்தில் சமூகம் அமைப்பதன் உண்மையான பயனும் இதுதான். உள்ளூர்ச் சங்கம் தர முடியாத ஒன்றை அது தருகிறது.

எந்தத் தொழில் என்று நீங்கள் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் உணவுப் பொருள் தயாரிப்பில் தொடங்குவேன்: ஊறுகாய், தொக்கு, வத்தல், மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், சிறுதானியத் தின்பண்டங்கள். சிறு முதலீட்டில் தொடங்குபவர்கள் அதிகம், பெண்கள் அதிகம், அவர்கள் சந்திக்கும் சிக்கல்களும் பெரும்பாலும் ஒன்றே: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு, லேபிளில் என்னென்ன அச்சிட வேண்டும், பொருள் எத்தனை நாள் கெடாமலிருக்கும் என்று எப்படிச் சோதிப்பது, குறைந்த எண்ணிக்கையில் பவுச் எங்கே கிடைக்கும், கடைக்காரர் சரக்குக்குப் பணம் தர இழுத்தடித்தால் என்ன செய்வது. ஓரடி முன்னால் இருப்பவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்பதும் இத்துறையில் தெளிவாகத் தெரியும். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், சென்னையில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், மாவட்டத் தொழில் மையங்கள் ஆகியவற்றின் வழியே பயிற்சியோ உதவியோ பெற்றுத் தொழில் தொடங்கியவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு அவர்களை ஒன்றுசேர்த்து வைப்பவர்தான் இல்லை.

பெரிய தொழிலதிபர்களை அழைத்துவந்தால் கூட்டம் சேருமே என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். ஒரு நாள் கூட்டம் சேரும், அவ்வளவுதான். 20 ஆண்டுகளுக்கு முன் தொழில் தொடங்கியவருக்கு இன்றைய விண்ணப்பப் படிவம் தெரியாது. அவருடைய அலுவலகத்தில் அதைச் செய்ய ஆள் இருக்கிறது. புதியவருக்கு வேண்டியது, சென்ற மார்ச்சில் அதே படிவத்தை நிரப்பி, ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி கொடுத்து வாங்கியவர்.

இதை ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன். இத்தகைய குழுக்களில் மிக அதிகமாக வரும் கேள்வி, ‘சார், மானிய லோன் கிடைக்குமா?’ என்பதாகத்தான் இருக்கும். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. திட்டங்களின் பட்டியலை ஒருவர் ஒட்டுவார், உரையாடல் அத்தோடு முடியும். கேட்டவரிடம் ஐந்து விவரங்களை வாங்கி அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதுவதுதான் நடத்துபவரின் வேலை: என்ன பொருள், எந்த ஊர், கிராமப் பகுதியா நகரப் பகுதியா, கையிருப்பு எவ்வளவு, தொழில் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா. இப்போது கேள்வி இப்படி மாறுகிறது: ‘பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மரச்செக்கு வைக்கப் போகிறேன், சொந்த இடம் இருக்கிறது, கையில் 2 லட்சம் இருக்கிறது, இன்னும் தொடங்கவில்லை, பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் விண்ணப்பிக்கலாமா?’

பி.எம்.இ.ஜி.பி. என்பது புதிய தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசுத் திட்டம். இந்தக் கேள்விக்கு அந்தத் திட்டத்தில் கடன் வாங்கிய ஒருவர் எழுதும் பதிலில் என்ன இருக்கும் என்று பாருங்கள். உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய் என்பதையும், பொதுப் பிரிவினர் தம் பங்காக 10 விழுக்காடு போட வேண்டும் என்பதையும் எந்த விளம்பரத் தாளும் சொல்லிவிடும். வாங்கியவர் சொல்வது வேறு: நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் காட்ட முடியாது, திட்டம் புதிய தொழிலுக்குத்தான் என்பதால், ஒரு செக்கை வைத்துச் சிறிதாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் தகுதியே போய்விடும், மானியம் கையில் வராது, அது வங்கியில் வைப்புத்தொகையாக மூன்று ஆண்டுகள் இருந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும், ஆகவே மானியத்தை நம்பி மூலப்பொருள் வாங்கத் திட்டமிடக் கூடாது. இந்தக் கடைசி விவரம் தெரியாமல் முதலாண்டு நடைமுறை மூலதனத்துக்குத் தவிப்பவர்களுக்கு, இப்படி ஒரு பதில் உரிய நேரத்தில் கிடைப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. உங்கள் தளத்தில் இப்படிப்பட்ட பதில்கள் 50 சேர்ந்துவிட்டால், அதன் பிறகு ஆள் சேர்க்க விளம்பரம் தேவைப்படாது.

ஆனால் தொழில் நடத்துபவர் தானாக உட்கார்ந்து எழுதமாட்டார். அவருக்கு நேரமும் இல்லை, எழுதும் பழக்கமும் இல்லை. அவர் கடை சாத்திய பிறகோ, மதியம் இயந்திரம் நிற்கும் நேரத்திலோ அரை மணி நேரம் தொலைபேசியில் பேசச் சம்மதிப்பார். நீங்கள் கேட்டு, எழுதி, அவரிடம் படித்துக் காட்டி, அனுமதி பெற்று அவர் பெயரில் வெளியிடுங்கள். முதல் சில மாதங்களுக்கு உங்கள் வேலையில் பெரும்பகுதி இதுவாகவே இருக்க வேண்டும். என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். இண்டி ஹேக்கர்ஸ் தளத்தில் மாத வருமானத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதற்காக இங்கேயும் அதைக் கேட்காதீர்கள். உறவினர், பங்காளி, கடன் கொடுத்தவர், போட்டியாளர் எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் நம் ஊரில் யாரும் விற்பனைத் தொகையைச் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அது உண்மையாக இருக்காது. செலவைக் கேளுங்கள். இயந்திரம் என்ன விலை, மின் இணைப்புக்கு எவ்வளவு ஆயிற்று, லேபிள் அச்சுக்கு எவ்வளவு, எந்தச் செலவை எதிர்பார்க்கவே இல்லை என்று கேட்டால் எல்லோரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், சொல்வதும் உண்மையாக இருக்கும். புதியவருக்கும் வேண்டியது அதுதான்.

அவர்களுடைய நேரத்தைக் காப்பதற்கென்றே சில விதிகள் தேவை. ஏற்கெனவே பதில் உள்ள கேள்வியை மறுபடி கேட்பவரை அந்தப் பதிலுக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். பதில் சொன்னவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவருடைய தொலைபேசி எண்ணை உறுப்பினர்களுக்குத் தராதீர்கள். பதிலால் பயன்பெற்றவர், பிறகு என்ன நடந்தது என்பதைத் திரும்பி வந்து எழுதுவதைக் கட்டாயமாகவே வைக்கலாம். தான் சொன்னதைக் கேட்டு ஒருவர் உரிமம் வாங்கிவிட்டார் என்று அறிவதே பதில் சொல்பவருக்குக் கிடைக்கும் ஒரே ஊதியம். அந்த ஊதியம் அவருக்குத் தவறாமல் போய்ச்சேர வேண்டும்.

இனி மென்பொருள். தொடக்கத்தில் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவைத்தான் நாடுவார்கள். பழக்கமான இடம், செலவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு குழுவில் 1,024 பேர்தான் இருக்க முடியும் என்பதைவிடப் பெரிய குறைகள் இரண்டு உண்டு. காலையில் வந்த நல்ல பதில் மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். அடுத்து, குழுவில் சேர்ந்தவுடன் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண் தொழில்முனைவோர் பலர் கேள்வி கேட்கத் தயங்குவதும், இரவில் வரும் தேவையற்ற செய்திகளால் வெளியேறுவதும் இதனால்தான். உணவுத் தொழிலில் பெண்களை இழந்துவிட்டால் பாதிச் சமூகம் போய்விட்டதாகப் பொருள். டிஸ்கோர்ஸ் போன்ற, உரையாடல் தளங்களுக்கான திறமூல மென்பொருளை மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வரில் நிறுவிக்கொண்டால் போதுமானது. புதிய உறுப்பினர் சில நாள் படித்து, பங்கேற்று, நம்பிக்கை பெற்ற பிறகே முழு வசதிகளும் திறக்கும் நம்பிக்கை நிலைகள் அதில் உள்ளன. முதல் நாளே இணைப்புகளைக் கொட்டும் முகவர்களை இது பெருமளவு தடுக்கும். வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டியதில்லை. புதிய பதில் வந்திருக்கிறது என்ற அறிவிப்பை அனுப்புவதற்கு அது மிகவும் ஏற்றது.

தேடல் வசதியைத் தமிழில் சோதித்துப் பார்க்காமல் எந்த மென்பொருளையும் முடிவு செய்யாதீர்கள். ‘உரிமம்’ என்று தேடுபவருக்கு ‘உரிமத்துக்கு’, ‘உரிமத்தை’ என்று எழுதப்பட்ட பதில்கள் வராமல் போகும், ஏனெனில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வார்கள். நல்ல பதில் ஒவ்வொன்றுக்கும் நீங்களே தெளிவான தலைப்பும் குறிச்சொற்களும் இடுவதுதான் இன்றைக்கு நம்பத்தகுந்த வழி. உரிமம், லைசென்ஸ், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என மக்கள் தேடும் எல்லா வடிவங்களையும், ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்களுக்காக அவற்றின் ஆங்கில வடிவங்களையும், அதில் சேர்த்துவிடுங்கள்.

பதில்கள் பழையதாகும் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஜூலை 1 முதல், முதலீடு 1 கோடிக்கும் விற்றுமுதல் 5 கோடிக்கும் மிகாத தொழில் குறுந்தொழில் எனப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்புகள் இரண்டரைக் கோடி, 10 கோடி என்று மாறிவிட்டன. 2021இல் ஒருவர் மிகச் சரியாக எழுதிய பதில் இன்று ஒருவரைத் தவறாக வழிநடத்தும். ஒவ்வொரு பதிலின் மேலும், எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்று தேதி இருக்க வேண்டும். மத்திய, மாநில வரவுசெலவுத் திட்டங்கள் வெளிவந்த பிறகு முக்கியமான பதில்களை ஆண்டுதோறும் ஒரு சுற்றுச் சரிபார்க்க வேண்டும். சிறு, குறுந்தொழில்களுக்கான அரசுப் பதிவான, கட்டணமே இல்லாத உத்யம் பதிவுக்குப் பணம் வாங்கும் போலித் தளங்கள் இருக்கும் சூழலில், இந்தச் சரிபார்ப்பு ஒன்றே உங்கள் தளத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும்.

சட்டத்தில் மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை. உறுப்பினர்கள் தங்களுக்குள் முதலீடு திரட்டத் தொடங்கினால் அன்றே நிறுத்துங்கள். நிறுவனச் சட்டம் 2013இன் 42ஆம் பிரிவின்படி, தனிப்பட்ட முறையில் பங்கு வெளியிடும் நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பு விடுக்கக் கூடாது, பொது விளம்பரமும் செய்யக் கூடாது. மாதம் இத்தனை விழுக்காடு தருகிறேன் என்று பொதுமக்களிடம் பணம் வாங்குவது 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். அடுத்து, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிரம்பாதவரின் தரவைப் பெற்றோர் ஒப்புதலின்றிக் கையாளக் கூடாது என்பதால், பாலிடெக்னிக் மாணவர்களைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்களை உறுப்பினர்கள் பதிவிட்டால் உடனே நீக்குங்கள். மூன்றாவதாக, புகார்களை ஏற்கும் அலுவலரின் பெயரையும் தொடர்புகொள்ளும் வழியையும் தளத்தில் வெளியிட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. தொடக்கத்தில் அந்த அலுவலர் நீங்களாகவே இருப்பீர்கள்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும், அப்போது முதலில் கதவைத் தட்டுபவர் இயந்திர விற்பனையாளராக இருப்பார். அவரிடம் பணம் வாங்கிவிட்டால், அவருடைய இயந்திரம் மூன்றாம் மாதம் பழுதாகிவிட்டது என்று ஓர் உறுப்பினர் ரசீதோடு எழுதும் நாளில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? அந்த உறுப்பினர் எழுதிய வரி நிற்க வேண்டும் என்றால், விற்பனையாளர் விளம்பரத்தைத் தனிப் பகுதியில், விளம்பரம் என்ற தலைப்போடு மட்டுமே அனுமதிக்க வேண்டும். அதையும் முதலாண்டில் தவிர்ப்பது நல்லது. லேபிள் விதிகள், விலை நிர்ணயம் போன்றவற்றில் கட்டணப் பயிலரங்கு நடத்தி, அதில் ஒரு பங்கைப் பாடம் நடத்தும் உறுப்பினருக்கே தருவது எனக்கு ஏற்புடைய வழியாகத் தெரிகிறது. கேள்வி கேட்பதற்குக் கட்டணம் வைக்க வேண்டாம்.

ஆகவே, அடுத்த மூன்று மாதங்களில் வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்த, ஒரே துறையில் தொழில் நடத்தும் 20 பேரைக் கண்டு பேசுங்கள்; அவர்களிடமிருந்து 50 பதில்களை எழுதி வாங்குங்கள்; தொடங்க விரும்புவோர் 40 பேரை மட்டும் அழைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அனுபவமுள்ள ஒருவரின் பதில் இரண்டு நாளுக்குள் கிடைக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணிக்கையை எண்ணாமல் இந்த ஒரு கணக்கை மட்டும் வாரந்தோறும் எழுதி வையுங்கள். பதில் கிடைக்காத கேள்விகள் கூடிக்கொண்டே போனால், புதிய உறுப்பினர் சேர்க்கையை நிறுத்திவிட்டு, பதில் சொல்லத் தெரிந்த இன்னும் ஐந்து பேரைத் தேடிப் போங்கள். அந்தக் கணக்கு நிலைபெற்ற பிறகு செயலி வேண்டுமா என்று உறுப்பினர்களையே கேளுங்கள். விலைப்புள்ளி அதுவரை மேசையிலேயே இருக்கட்டும்.